அக்னெஸ் பொறுப்பெடுத்த ஜெரேனியம்

அக்னெஸ் முதலில் பயந்துவிடுவாள், காரணம் பிறகு மெல்ல வந்து சேரும் என்று அவளுடைய மனுசன் பத்திநாதர் சொல்வார். வேலைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில்தான் அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை அவளுக்கு வரும். தொலைபேசி அடித்தால் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது, அடிக்காமலே கிடந்தால் கட்டாயம் நடந்துவிட்டது. மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, கடைசியில் பியர்பொன்ட்ஸில் ஒரு சின்ன வீட்டை வாங்கினார்கள். வீட்டுக்கு முன்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு நிலமும் இருந்தது. நிலம் வந்த பிறகு அதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியதாயிற்று.

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு செய்வது அவளுடைய வேலை. ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இருந்து எழும்பிப் போனவர்களின் அடையாளம் ஒரு மிட்டாய்க் கடதாசியாகக்கூட மிஞ்சக் கூடாது. தலையணை அழுக்கென்றால் எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை வைத்துவிட்டால் சரி, வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கைக்கு வேலையும் வீடும் வேறு வேறு என்று தெரிவதில்லை. பத்திநாதர் பாதி குடித்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தேடித் திரும்பினால், கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும்.

அவர்களுடைய ஒரே மகன் ஜெராட், மோட் என்ற கியூபெக் பிள்ளையைக் கல்யாணம் செய்திருந்தான். மாமிக்கும் மருமகளுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை பிடிக்கிற அளவுக்குப் பழக்கமே இல்லை. மோட் வருவாள், சோற்றைக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வாள், மெர்சி என்று நன்றி சொல்வாள், தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். மாமியை "அக்னெஸ்" என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "இஞ்சை அப்பிடித்தான் அம்மா" என்றான் ஜெராட். இருக்கலாம். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பிள்ளை ஒருநாள் வராமலே விட்டால் எந்த உரிமையில் ஏனென்று கேட்பது? மருமகள் வராவிட்டால் மகனும் வரமாட்டான். அக்னெஸுடைய எல்லாப் பயங்களுக்கும் அடியில் கிடந்த பயம் இதுதான்.

போன ஜூலையில் மோட் தனியாகக் காரோட்டி வந்தாள். கையில் ஒரு வாளி, வாளிக்குள் மண்ணோடு ஒரு செடி. அவளுடைய அம்மா லூசில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள், த்ருவா ரிவியேரில் இருந்த வீட்டை விற்றாயிற்று. அந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து மோட் கிளப்பிக்கொண்டு வந்தது இந்த ஒரு ஜெரேனியத்தை மட்டும்தான். பல்கனிகளில் சட்டியில் தொங்குகிற சிவப்பு ஜெரேனியம் அல்ல. இது தரையோடு தரையாக ஒரு தலையணை அளவுக்கு அடர்ந்து நிற்கிற சாதி. இலை விரல் விரலாகப் பிளந்திருக்கும், பூ இளஞ்சிவப்பு.

"எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு பிடி மண் கிடையாது" என்றாள் மோட். அவளுடைய பிரெஞ்சு அக்னெஸுக்காக மெதுவாக வரும். "நாங்கள் வீடு வாங்கும் வரைக்கும் இது உங்களிடம் இருக்கலாமா?"

அந்தப் பிள்ளை அவளிடம் வாய் திறந்து கேட்ட முதல் உதவி அதுதான். அக்னெஸுக்குச் சந்தோசத்தில் பிரெஞ்சு முழுவதும் மறந்துவிட்டது. வெயில் விழுகிற இடமாகப் பார்த்து இருவரும் சேர்ந்து நட்டார்கள். குளிருக்கு முன்னர் கறிவேப்பிலையோடு சேர்த்து இதையும் உள்ளே எடுக்கட்டுமா என்று அக்னெஸ் கேட்டாள். கறிவேப்பிலைச் சட்டியை அவள் செப்டம்பரிலேயே குசினி யன்னலடிக்குக் கொண்டுபோய்விடுவாள். உயிருள்ளது எதுவும் வெளியில் நிற்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். மோட் சிரித்தாள். "வேண்டாம், இது வெளியிலேயே இருக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது விளக்கம் சொல்வார்களா?

அந்தச் செடியால் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. மோட் நேரடியாக அக்னெஸுக்கே போன் எடுக்கத் தொடங்கினாள். பூத்ததும் அக்னெஸ் படமெடுத்து அனுப்பினாள். மோட் அதை இல்லத்துக்குக் கொண்டுபோய்த் தாய்க்குக் காட்டினாள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று லூசில் கேட்டாளாம். அக்னெஸ் என்று சொன்னாளாம். அன்றிலிருந்து, மோட் போகும்போதெல்லாம், "அக்னெஸ் எப்படி இருக்கிறாள்?" என்றுதான் அந்த மனுசி முதலில் கேட்பாளாம். ஞாபகம் முன்னைப் போல இல்லை, ஆட்களின் பேர்கள் தவறுகின்றன, ஆனால் முகமே கண்டிராத அக்னெஸின் பேர் மட்டும் தவறவில்லை. கோயிலில் பூசை முடிந்து அக்னெஸ் இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை.

ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் சனம் கூடிச் செபமாலை சொல்லி, பாடி, சாப்பிட்டு, அடுத்த வீட்டுக்கு மாதாவை அனுப்பி வைக்கும். அந்த முறை மாதத்தின் கடைசிக் கிழமைதான் அக்னெஸ் வீட்டு முறை. அதற்கு முன்னரே உறைபனி விழுந்துவிட்டது. ஜெரேனியத்தின் இலைகள் முதலில் சிவந்தன, அதை அழகென்று நினைத்தாள். பிறகு மண்ணிறமாகிச் சுருண்டன. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? இரவில் பழைய போர்வையால் மூடிப் பார்த்தாள். கடைசியில் தொட்டால் பொடியாகிற சருகுதான் மிஞ்சியது.

"செத்துப்போச்சப்பா" என்றாள். "அப்பவே உள்ளை எடுத்திருக்கோணும்."

"மோட்டைக் கேளன்" என்றார் பத்திநாதர்.

கேட்பதாவது! மாதா வருகிற நாள் காலையில் முற்றம் முழுவதையும் கூட்டினாள். ஊர்ப் பெண்கள் கூட்டுகிற விதம் அது, மண்ணைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. மாதா நுழைகிற வாசலில் செத்த செடியொன்று நிற்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. கை தானாகப் போய்ப் பிடித்து இழுத்தது. தண்டுகள் முறிந்து வந்தன, கொஞ்சம் வேரும் வந்தது. எல்லாவற்றையும் சருகு போடுகிற கடதாசிப் பையில் அடைத்தாள், பையை நகரசபை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. வெறுமையாகத் தெரிந்த இடத்தில் பின்பக்கத்தில் கிடந்த சீமெந்துக் கல்லொன்றைத் தூக்கி வைத்து, அதன்மேல் மெழுகுதிரிக் கூடு வைத்தாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. சனம் பாடிக்கொண்டு மாதாவைத் தூக்கி வந்தபோது எல்லோருடைய கண்ணும் சுரூபத்தில், அக்னெஸின் கண் கல்லில்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அடுத்த கிழமை மோட் போன் எடுத்து, செடி எப்படியென்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. வேர் பிடிக்காத செடி, இடம் மாறியதால் செத்தது என்று வசந்தத்தில் சொல்லிக்கொள்ளலாம், இப்போது அந்தப் பிள்ளையை ஏன் கலங்க வைக்கவேணும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தினாள்.

அந்தச் சமாதானமும் நத்தாரோடு போயிற்று. இயேசு பிறப்பு விருந்துக்கு எல்லோரும் மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். மோட் எழுந்துபோய் யன்னலால் எட்டிப் பார்த்தாள். வெளியே இடுப்பளவு பனி.

"அங்கேதானே தூங்குகிறது?" என்றாள். "ஒக்டோபரில் பார்த்துப் பயந்தீர்களா? செத்தது போலத்தான் தெரியும். மேலே எல்லாம் காய்ந்துவிடும், கீழே உயிர் இருக்கும். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். வசந்தத்தில் வந்துவிடும்."

அக்னெஸ் கையிலிருந்த கறிச்சட்டியை மெல்லக் கீழே வைத்தாள். அதுவரைக்கும் ஒரு செடி தன் கையில் செத்துவிட்டது என்றுதான் கவலை. இப்போது தெரிந்தது, உயிரோடிருந்ததைத் தானே பிடுங்கிக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு தாய் ஆசையாய் வளர்த்தது. மகள் நம்பிக் கொடுத்தது. "ஓம்" என்றாள் தமிழில், வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்வது போல.

அன்றிரவு பத்திநாதருக்கு எல்லாம் கொட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "ஒரு செடி. நாளைக்கு எடுத்துச் சொல்லிப் போடு" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் லேசு. அந்தப் பிள்ளை இனி இந்த வாசல்படி மிதிக்குமோ?"

"மிதிக்காமல் என்ன?"

"நானெண்டால் மிதிக்கமாட்டன்."

அவர் தொலைக்காட்சியைப் போட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மொன்றியல் வசந்தத்துக்காகத் தவம் கிடந்தது, அக்னெஸ் ஒருத்திதான் பனி இன்னும் கொட்டட்டும் என்று இருந்தாள். பனி கிடக்கும் வரைக்கும் பொய்யும் மூடிக் கிடக்கும். வேலையில் கூட்டாளிமார் வெயில் எட்டிப் பார்த்தால் சிரிப்பார்கள், அவள் யன்னலால் மேகத்தைத் தேடுவாள். தொலைந்த பொருளைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். வைத்த பிறகுதான் ஒரு யோசனை வந்தது, அது தொலையவில்லையே, தானே எறிந்ததுதானே. அந்தோனியார் இதைத் தன் கணக்கில் எடுப்பாரோ என்று அதற்கும் பயந்தாள்.

போன்தான் பெரிய கரைச்சல். மோட்டின் பேர் திரையில் விழுந்தால், சிலவேளை அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள். பிறகு வேலையென்று ஒரு செய்தி அனுப்புவாள். மார்ச்சில் ஒருநாள் ஜெராட் எடுத்தான்.

"அம்மா, மோட்டோடை என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம்?"

"போன் எடுக்கிறியள் இல்லையாம். தான் ஏதும் பிழையாச் சொல்லிப் போட்டனோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறாள். இனி எடுத்துக் கரைச்சல் குடுக்கமாட்டன் எண்டு சொல்றாள்."

அக்னெஸ் போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள். எது நடக்கக் கூடாதென்று பொய் சொன்னாளோ, அது அந்தப் பொய்யாலேயே நடந்துகொண்டிருந்தது. அப்போதாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்த மனம் இன்னொரு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும்.

வழி மே மாதத்தில் வந்தது. அன்னையர் தினத்து ஞாயிறு மத்தியானம் வருவார்கள் என்றும், செடியில் ஒரு துண்டைச் சட்டியில் வைத்துத் தாயிடம் கொண்டுபோக மோட் விரும்புகிறாள் என்றும் ஜெராட் சொன்னான். சனிக்கிழமை காலையிலேயே பத்திநாதரைக் கிளப்பி ஒரு நாற்றுத் தோட்டத்துக்குக் காரை விடச் சொன்னாள். விமானத்தில் செய்வதுதானே, ஒன்றை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்று. அங்கே போனால் ஜெரேனியத்தில் ஒரு வரிசை முழுக்க இருந்தது. நீலம், வெள்ளை, ஊதா, உயரமானது, படருவது. மோட் வந்திருந்தபோது எடுத்த படமொன்றை அக்னெஸ் போனில் காட்டினாள். அதில் பூவை விட மோட்டின் முகம்தான் பெரிதாகத் தெரிந்தது. வேலைக்கு நின்ற பெண் குனிந்து பார்த்து, குட்டையாக நிற்கிற இளஞ்சிவப்புச் சாதி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"உதேதானோ?" என்றார் பத்திநாதர்.

"உதுமாதிரி" என்றாள் அக்னெஸ். வீட்டுக்கு வரும்வரை இருவரும் கதைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கோயிலுக்குக் கட்டிய சேலையையும் மாற்றாமல் மண் தோண்டுகிற சின்னச் சவளோடு முற்றத்துக்குப் போனாள். ஆட்கள் வர இன்னும் நேரமிருந்தது. மெழுகுதிரிக் கூட்டை அகற்றி, கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்து நிமிர்த்தினாள்.

கல்லுக்குக் கீழே அது இருந்தது.

மஞ்சளும் வெள்ளையுமாய், நூல் போல மெலிந்த முளைகள். மேலே போக இடமில்லாமல் மண்ணோடு தட்டையாகப் படுத்து, கல்லின் விளிம்பைத் தேடி எல்லாம் ஒரே பக்கம் ஊர்ந்திருந்தன. நுனிகளில் கடுகளவு சிவப்பு. ஒன்றில் மட்டும் ஒரு குட்டி இலை விரிந்திருந்தது, விரல் விரலாகப் பிளந்த இலை. பிடுங்கியது தண்டைத்தான். வேரின் பெரும்பகுதி உள்ளேயே கிடந்திருக்கிறது. அவள் அதன் தலையில் கல்லை வைத்துவிட்டு, அது செத்துவிட்டதென்று குளிர்காலம் முழுவதும் அழுதிருக்கிறாள்.

"என்ர மாதாவே" என்று நிலத்தில் இருந்துவிட்டாள். சந்தோசம் வந்தது, வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. வாங்கி வந்த செடி பக்கத்தில் பளபளவென்று நின்றது. கல்லைத் திரும்ப வைத்துவிட்டுப் புதியதை முன்னால் நட்டால் இப்போதும் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணமும் வராமல் இல்லை. கல்லின் விளிம்பைப் பிடித்தபடி அந்த வெளிறிய முளைகளைப் பார்த்தாள். அவற்றின்மேல் இன்னொரு தரம் கல்லை வைக்கக் கை வரவில்லை.

அப்படியே இருக்கும்போதுதான் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். மோட் புல்லில் நடந்து வந்து, கல்லை, செடியை, சேலையில் மண்ணோடு இருந்த மாமியை மாறி மாறிப் பார்த்தாள்.

அக்னெஸ் எழும்பவில்லை. இருந்தபடியே, தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டி அள்ளிச் சொன்னாள். செத்ததென்று நினைத்துப் பிடுங்கினேன். எறிந்தேன். கல் வைத்தேன். உன்னிடம் நல்லாயிருக்கு என்று பொய் சொன்னேன். இதைக் கடையில் வாங்கினேன், உன்னை ஏமாற்ற. சொல்ல வேண்டியதில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

மோட் குந்தி, ஒரு முளையை விரலால் மெல்ல நிமிர்த்தினாள். அது திரும்பப் படுத்துக்கொண்டது.

"இதற்காகவா போன் எடுக்காமல் இருந்தீர்கள்?"

"ஓம்."

"நான் வேறு என்னவெல்லாமோ நினைத்தேன்" என்றாள். கோபம்தான் அது, அக்னெஸுக்கு விளங்கியது. "இந்தக் குளிரில் இரண்டு தரம் உங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனேன்."

அக்னெஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெராட் காரடியிலேயே நின்றுகொண்டான், புத்தியுள்ள பிள்ளை.

மோட் தன் மூக்கைத் துடைத்தாள். "நானும் பொய் சொன்னேன்" என்றாள். "நான் போகிற நேரமெல்லாம் அம்மா கேட்பாள், ஜெரேனியம் பூத்ததா என்று. ஜனவரியிலும் கேட்பாள். அவளுக்கு மாதம் தெரியாது, ஏன் வருத்த வேண்டும் என்று, அக்னெஸ் வீட்டில் நன்றாகப் பூக்கிறதாம் என்று சொல்லிவிடுவேன். எல்லாம் உங்கள் பேரில்தான்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, "அம்மா, அக்னெஸ் பேசப் போகிறாள்" என்றாள். "இன்றைக்கு நீங்களே சொல்லுங்கள்" என்று மாமியின் மண் ஒட்டிய கையில் போனை வைத்துவிட்டாள். அக்னெஸ் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் ஒரு கிழக்குரல் கேட்டது, மெல்லிய குரல், ஆனால் திடமானது.

"அக்னெஸா?"

"ஓம், மதாம்."

"பூத்திருக்கிறதா?"

மோட் அவளைப் பார்த்தாள். ஆம் என்று சொல்வது மிகவும் சுலபம். குளிர்காலம் முழுவதும் சொன்ன சொல்தான்.

"இல்லை, மதாம்" என்றாள் அக்னெஸ். "இன்னும் பூக்கவில்லை. இப்போதுதான் முளைக்கிறது. மெலிந்து போயிருக்கிறது. பிழை என்னுடையதுதான்."

மறுபக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சுக் கேட்டது.

"அப்பாடா" என்றாள் லூசில். "மே மாதத்தில் முளைதான் இருக்கும். எனக்கு அது தெரியாதா? என் மகள் குளிர்காலம் முழுக்க அக்னெஸ் வீட்டில் பூக்கிறது, பூக்கிறது என்றாள். நடு ஜனவரியில்! இந்த அக்னெஸுக்குச் செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, குளிரில் தூங்க வேண்டிய என் ஜெரேனியத்தை உள்ளே எடுத்துவைத்துக் கொல்லப் போகிறாள் என்று நான் பயந்து நித்திரையில்லாமல் கிடந்தேன்."

மோட் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அக்னெஸுக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"உள்ளே எடுக்கமாட்டேன், மதாம்" என்றாள் அக்னெஸ்.

"பிடுங்கவும் கூடாது. செத்தது போல இருக்கும்."

"பிடுங்கமாட்டேன்."

"சரி" என்றாள் லூசில். "அப்படியென்றால் நான் படுக்கப் போகிறேன்."

போன் நின்றது. மோட் கல்லைத் தூக்கித் தூரமாகக் கொண்டுபோய் வேலியோரம் போட்டாள். அக்னெஸ் வாளியில் தண்ணீர் எடுத்துவரப் போனாள். வரும்போது பத்திநாதர் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, "என்னவாம்?" என்று கேட்டார். அந்த மனுசியும் என்னைப் போலத்தானப்பா என்று சொல்லிவிட்டு, அவர் பாதி குடித்த கோப்பையை வாங்காமலே கடந்து போனாள்.